பாலத்துக்கு மட்டும் சம்மதம்

போன மாதம் ஷீஜா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்போது அவள் எங்கள் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது என் பழைய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம், அரசாங்கச் செலவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று. "சேச்சி வந்தா மதி, வேற ஆரும் வேண்டா. சேச்சி வெட்டின மாதிரி ஆரு வெட்டியிருக்கா?" என்றாள். மதி என்றால் போதும். பாராட்டாகத்தான் சொன்னாள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வலி நிஜம்தான், ஆனாலும் கரமனை வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போக முடியாத அளவுக்கு இல்லை.

போய் என்ன சொல்வது? வெட்டியதையெல்லாம் பட்டியல் போட்டால் ஒரு மணி நேரம் போதாது. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பாலத்தின் கதைதான். அதை மேடையில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

என் ஆரம்பகாலத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தேர்வு எழுதி வேலைக்குப் போன தலைமைச் செயலகத்தில் இங்கிலீஷ். முதல் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டது, பக்க எண்ணைச் சிவப்பு மசியில் போடுவதும், மேலே இருப்பவர் என்ன கேட்பாரோ அதைக் கேட்பதற்கு முன்பே எழுதி வைப்பதும்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிதி இலாகாவில் செலவுகளைப் பரிசோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்ற இலாகாக்கள் ரோடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று ஃபைல் அனுப்பும். நாங்கள் சம்மதம் எழுதினால்தான் பணம் நகரும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டோம். சந்தேகம் ஒன்றைக் கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவோம். ஒரு சமயத்தில் ஒரு சந்தேகம்தான். பத்து சந்தேகம் இருந்தாலும் பத்தையும் சேர்த்துக் கேட்டுவிடக் கூடாது. ஃபைல் பதிலோடு திரும்பிவர ஒரு மாதம் ஆகும், அப்புறம் இரண்டாவதைக் கேட்போம். நாலு சந்தேகத்தில் மார்ச் முடிந்துவிடும், அந்த வருடத்துப் பணம் தப்பித்துவிடும். வாங்கும் சம்பளத்துக்கு இந்த வேலையா என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நான் அதில் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தேன்.

இன்னொரு வழக்கம் டோக்கன். ஊர்க்காரர்களும் சட்டசபை உறுப்பினரும் விடாமல் நச்சரிக்கிற வேலைக்கு பட்ஜெட்டில் நூறு ரூபாய் எழுதி வைப்போம். பாலத்துக்கு நூறு ரூபாய், ஆஸ்பத்திரிக்கு நூறு ரூபாய். பட்ஜெட்டில் பெயர் வந்துவிட்டது என்று ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். அந்த நூறு ரூபாயை யாரும் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டோம். எதற்கு இந்தக் கண்துடைப்பு என்று கேட்பவர்கள் அந்த நாட்களில் எங்கள் வராந்தாவைப் பார்த்திருக்க வேண்டும். செய்து முடித்த வேலைக்குக் காசு வராமல் கான்ட்ராக்டர்கள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ட்ரெஷரியில் பில்கள் கட்டுக்கட்டாகத் தேங்கிக் கிடக்கும். மாதக் கடைசியில், பென்ஷன்காரர்களுக்குக் கொடுத்த பிறகு என்ன மிஞ்சும் என்று விரல் விட்டு எண்ணுவோம். அள்ளிக் கொடுக்கச் சொல்பவர்களுக்கு இந்த எண்ணல் தெரியாது.

எனக்கு மேலே வர்கீஸ் சார். கோட்டயம் பக்கத்துக்காரர், மெலிந்த உடம்பு. காகிதம் பறக்கும் என்று அறையில் ஃபேன் போட மாட்டார். ஏப்ரல் வெயிலில்கூட வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருப்பார், அவர் எதிரே நிற்கிறவர்களும் வேர்த்துக் கொட்ட வேண்டும். எந்த ஃபைலையும் பின்னாலிருந்துதான் படிப்பார். கடைசிப் பக்கத்துத் தொகை முதலில், காரணங்கள் பிறகு. "காரணத்தை முதலில் படிச்சா மனசு இளகிப்போகும், கேட்டோ" என்பார். அவர் பேசியதெல்லாம் மலையாளம், நான் தமிழாக்கித் தருகிறேன். கையில் எப்போதும் ஒரு பென்சில், நுனி ஊசியாகச் சீவியிருக்கும். வெட்ட வேண்டிய இனத்துக்கு நேரே சின்னதாக ஒரு டிக் போடுவார். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. மிஞ்சிப் போனால் "பின்னீடாவட்டே" என்பார், பிறகு ஆகட்டும் என்று அர்த்தம். அந்தப் பிறகு என் சர்வீஸில் முக்கால்வாசி வேலைகளுக்கு வரவேயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மாங்குழிக்கடவுப் பாலத்தின் ஃபைல் வந்தது. தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகளும் வயல்களும், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ். நடுவே ஆட்களை அக்கரை சேர்க்கும் கடத்து, அதற்குச் சர்க்கார் வள்ளம் ஒன்று, அதைத் தள்ள ஒரு கடத்துக்காரர். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வள்ளம் நின்றுவிடும்.

ஃபைல் வந்த சில நாளில் தாசையன் வந்தார். ஐம்பது வயதுக்காரர், வாழையும் மரச்சீனிக் கிழங்கும் பயிரிடுகிறவர். நான் போனில் வீட்டோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வைத்ததும், "மேடம் தமிழா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"நான் மாங்குழிக்கடவுலேருந்து வாறேன். பாலத்துக்க காரியமாட்டு வந்தேன். அப்ரோச் ரோட்டுக்கு இடம் வேணும்லா, அது சர்க்காருக்குச் சும்மாவே தாறோம். பதினோரு வீட்டுக்காரரும் சம்மதிச்சு ஒப்பிட்ட கடலாசு இது" என்று பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து நீட்டினார்.

அப்ரோச் ரோடு என்பது ஊர்த் தெருவிலிருந்து பாலத்தின் மேல்தளத்துக்கு ஏறிப்போகிற சரிவு. இரண்டு பக்கமும் கல் கட்டி, மண் நிரப்பி உயர்த்த வேண்டும். அக்கரையில் புறம்போக்கு, சிக்கல் இல்லை. இக்கரையில் பதினோரு பேரின் நிலம்.

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். நல்ல காரியம்தான். ஆனால் நான் சந்தேகம் கேட்டே வளர்ந்தவள். "வெறும் கடுதாசில கையெழுத்து எத்தனை நாள் நிக்கும்? நாளைக்கு ஒருத்தர் மாட்டேன்னா? ஒருத்தராவது ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்திருந்தா, ஃபைல்ல எழுத எனக்கு ஒரு பலமா இருக்கும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

மூன்றாம் வாரம் திரும்பி வந்தார். பன்னிரண்டு சென்ட் நிலத்தை சர்க்கார் பெயருக்கு எழுதி ரிஜிஸ்டர் செய்த பத்திரம் கையில். முத்திரைச் செலவும் அவருடையதே. "ஏழு தெங்கு நிண்ணுது மேடம், காய்க்கியது. அதையும் வெட்டியாச்சு. இனி யாரும் சந்தேகப்படாண்டாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பத்திரத்தைக் காட்டி இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன்.

ஆனால் தொகை இடித்தது. பாலமும் அப்ரோச் ரோடும் சேர்ந்தால் எங்கள் அளவில் சம்மதம் தர முடியாது, மேல் கமிட்டிக்குப் போக வேண்டும். கமிட்டி கூடியே பல மாதம் ஆகியிருந்தது, கூடினாலும் பின்னீடாவட்டேதான். எஸ்டிமேட்டில் பாலம் ஒரு பாகம், அப்ரோச் ரோடு இன்னொரு பாகம் என்று தனித்தனியாகத் தொகை போட்டிருந்தார்கள். இரண்டாம் பாகத்தை வெட்டினால் முதல் பாகம் எங்கள் வரம்புக்குள் கச்சிதமாக அடங்கியது. கெட்டிக்காரிக்கு இது போதாதா? 'பாலத்துக்கு மட்டும் சம்மதம் தரலாம். அப்ரோச் ரோடு பாலம் முடிந்தபின் தனியே பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக்கொண்டு வர்கீஸ் சாரிடம் போனேன்.

அவர் வழக்கம்போலப் பின்னாலிருந்து படித்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார். "பாலம் நின்னா ரோடு வருமோ, மீனாட்சி?"

"வந்துதானே சார் ஆகணும்? பாலத்தைக் கட்டிட்டு ரோடு போடாம யாரு விடுவா?"

கடைசிப் பக்கத்துத் தொகையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். டிக் போடாமல் அவர் கையெழுத்திட்ட அபூர்வமான குறிப்புகளில் அது ஒன்று. அன்று மாலை வலியசாலை கோவிலில் இறங்கி ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு ஊருக்குப் பாலம் வாங்கிக் கொடுத்துவிட்டோம், சர்க்காருக்கும் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று பெருமை வேறு. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பாலம் மூன்று வருடத்தில் எழும்பியது. அதற்குள் கஜானா வறண்டுவிட்டது. புதிய வேலை எதையும் எடுக்கக் கூடாது என்று ஒரு சிக்கன உத்தரவு போட்டார்கள். அதை வரைந்ததும் நான்தான், வர்கீஸ் சார் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றவில்லை. அப்ரோச் ரோட்டுக்கான ஃபைல் வந்தபோது அது தனி வேலை, ஆகவே புதிய வேலை, ஆகவே முடியாது. டோக்கனாக நூறு ரூபாய் எழுதினோம். அடுத்த வருடமும் நூறு ரூபாய்.

அதே சிக்கனத்தில் தற்காலிகப் பணியிடங்களின் பட்டியலும் என் மேஜைக்கு வந்தது. அவற்றை வருடாவருடம் நீட்டிக்க வேண்டும். கடத்துக்காரர் பணியிடங்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. மராமத்து இலாகாவின் பதிவில் பாலம் முடிந்ததாகக் காட்டியிருந்த இடங்களுக்கு நேரே, 'பாலம் முடிந்தபின் கடத்து எதற்கு?' என்று எழுதினேன். நியாயமான கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை, பணியிடங்களை ரத்து செய்துவிட்டார்கள். எந்தெந்த ஊர் என்று நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வருடம் கழித்து தாசையன் மறுபடி வந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "மேடம் ஒரு வாட்டி வந்து பாக்கணும். நான் சொல்லியது சரியா வராது, கண்ணால பாக்கணும், கேட்டேளா" என்றார்.

இத்தனை வருட சர்வீஸில் நான் சம்மதம் எழுதிய ஒரு ரோட்டையோ, வெட்டிய ஒரு கட்டிடத்தையோ நேரில் போய்ப் பார்த்ததில்லை. எங்கள் பிரிவில் யாருமே பார்த்ததில்லை. அது எங்கள் வேலை என்று யாரும் நினைக்கவில்லை. அந்த மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் இறங்கிவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர், "கல்யாணத்துக்கு வந்தவ பாலம் பாக்கப் போறாளாம்! ஒனக்கென்ன வட்டா, பைத்தியமா?" என்றார். சொல்லிக்கொண்டே அவரும் இறங்கினார்.

பாலம் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள், கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்திருந்தது. ஆனால் இரண்டு முனையும் அந்தரத்தில் நின்றன. தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம். கமுகு மரத்தைப் பிளந்து ஏணி கட்டிச் சாய்த்திருந்தார்கள், இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் தலையில் மீன் கூடையோடு, ஒரு கையால் கூடையைப் பிடித்து மறு கையால் ஏணியைப் பிடித்து ஏறினாள். பின்னால் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார்கள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. பழகிவிட்டிருந்தது.

"நடக்க முடியாதவா என்ன செய்வா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கசேரில இருத்தி, கயிறு கெட்டி தூக்குவோம்" என்றார் தாசையன். "போன மழைக்கு எனக்க அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கொண்டுபோனோம். பாதியில கசேரி சரிஞ்சு விழுந்து இடுப்பெலும்பு போச்சு. இப்ப கெடப்புதான்."

"வள்ளம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதை நிறுத்தியாச்சே மேடம். பாலம் முடிஞ்சாச்சு, இனி கடத்து எதுக்குன்னு மேலேருந்து கடலாசு வந்துது."

என் வார்த்தைகள். ஒரு எழுத்துகூட மாறாமல் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தன. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஏணியில் ஏறினேன். தாசையன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே நடந்து அக்கரை முனை வரை போய்விட்டுத் திரும்பினேன். இறங்குவதுதான் ஏறுவதைவிடப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஃபைலை வரவழைத்து ஒரு நீண்ட குறிப்பு எழுதினேன். கடைசியில், 'அப்ரோச் ரோட்டைத் தனியாகப் பிரித்தது இப்பிரிவின் தவறு. கடத்தை நிறுத்தியதும் இப்பிரிவின் தவறு' என்று முடித்தேன். அப்படி ஒரு வரியை அந்தக் கட்டிடத்தில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. வர்கீஸ் சார் பின்னாலிருந்து படிப்பவராயிற்றே, முதலில் அதைத்தான் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தை மாத்தி டைப் பண்ணிக் கொண்டா" என்றார்.

"உண்மைதானே சார்?"

"உண்மைதான். ஆனா ஃபைல்ல குற்றம் சம்மதிச்சா, ஆடிட்காரன் அந்த ஒரு வரியைத்தான் பிடிச்சுக்குவான். ரோடு வராது. உனக்கு மெமோதான் வரும். உனக்கு ரோடு வேணுமா, மெமோ வேணுமா?"

மாற்றி எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு முதல்முறையாக அவர் ஃபைலைத் தானே கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வழி ஒன்றும் கண்டுபிடித்தார். பாலம் முடிந்தது என்ற பதிவைத் திருத்தி, முடியாத வேலை என்று ஆக்கினால், அப்ரோச் ரோடு மீதி வேலை ஆகிவிடும், புதிய வேலை ஆகாது, சிக்கன உத்தரவு தொடாது. அப்படியே செய்தார்கள். ஆற்றில் நிற்கிற பாலம் காகிதத்தில் மறுபடி முடியாத பாலமாயிற்று. அதனால் கடத்துக்காரருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. அடுத்த வருடம் வர்கீஸ் சார் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்திலும் ஃபேன் போட விடவில்லை.

ஆனால் நிலம்? பாலம் வந்ததும் அந்தப் பகுதியில் விலை ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள், பிள்ளைகள் முடியாது என்றார்கள். மற்றவர்களும் பின்வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனை வருடம் காத்திருப்பார்கள்? கடைசியில் பத்துப் பேரின் நிலத்தையும் சர்க்கார் விலை கொடுத்து எடுத்தது. அன்று நான் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு போயிற்று. ரோடு முடிந்து முதல் ஜீப் பாலத்தின் மேல் ஓடியபோது எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் பாக்கி.

பதினோராவது ஆள் தாசையன். அவருக்கு ஒரு பைசா இல்லை. அவர் நிலம் ஏற்கெனவே சர்க்காருடையது, ரிஜிஸ்டர் செய்த பத்திரம் இருக்கிறது. பக்கத்து மனைக்காரன் வாங்கிய பணத்தில் வீடு கட்டினான். தாசையனின் பிள்ளைகள், அப்பாவுக்குப் பைத்தியம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்களாம். அவர் ஒரு மனு போட்டார், மற்றவர்களுக்குக் கொடுத்த விலையை எனக்கும் தர வேண்டும் என்று. மனு பல மேஜைகள் சுற்றி என்னிடம் வந்தது.

இந்த முறை எனக்கு மேலே படிக்க வர்கீஸ் சார் இல்லை. நான் எழுதுவதுதான் முடிவு, மேலே உள்ளவர்கள் கையெழுத்திடுவார்கள். நாலு நாள் மனுவை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதினேன், கிழித்தேன். மாநிலம் முழுக்க ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சும்மா நிலம் எழுதிக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் அத்தனை பேரும் வருவார்கள், கொடுக்கவும் வேண்டும். நல்ல காரணம். இன்றைக்கும் எந்தக் கமிட்டியிலும் எழுந்து நின்று அதைச் சொல்வேன். 'மனமுவந்து ஒப்படைத்த நிலத்துக்கு இழப்பீடு கோர இடமில்லை' என்று எழுதினேன். அவரைப் பத்திரம் எழுதச் சொன்னது யார் என்பது ஃபைலில் எங்கும் இல்லை.

உத்தரவு மராமத்து இலாகாவின் பெயரில் போயிற்று. ஒரு வாரம் கழித்து தாசையன் என்னைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிரே உட்கார வைத்தேன், டீ வரவழைத்தேன். உத்தரவை மேஜையில் விரித்தார். நிதிப் பிரிவைக் கலந்தாலோசித்ததில் என்று தொடங்கும் வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதை எழுதினது இங்க யாருன்னு தெரியுமா மேடம்?"

"பல பேர் பார்ப்பா. ஒருத்தர்னு சொல்ல முடியாது" என்றேன்.

"ரூல் இருக்கும், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எழுதினவன் அந்த ஏணியில ஒரு வாட்டி ஏறியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டான்." டீயைக் குடித்து முடித்தார். உத்தரவை மடித்துப் பழைய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். "நீங்க ஏறிப் பாத்தவங்க. உங்க கைக்கு வந்திருந்தா எழுதியிருக்க மாட்டீங்க. இல்லியா மேடம்?"

"மாட்டேன்" என்றேன்.

அது போதும் என்பதுபோல் தலையை ஆட்டினார். தம்பானூரில் மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து, என்னைக் கும்பிட்டார். நானும் எழுந்து வாசல் வரை போய் அவரை வழியனுப்பினேன்.